மீராலெவ்வை டிரைவரும் தாமதத்துக்கான காரணமும்

மௌத்துச் செய்தியைக் கொண்டு வந்தவர் தங்கராசா. அக்கரைப்பற்றிலிருந்து வரும் காலை பஸ்ஸின் கொண்டக்டர். பஸ் சரியாக நிற்கும் முன்பே இறங்கி, பஸ்கள் வந்து போகும் நேரத்தை நான் பதிகிற டைம் கந்தோரின் கம்பிச் சன்னலுக்கு வந்து நின்றார்.

"டைம்கீப்பர், மீராலெவ்வை டிரைவர் மவுத்தாகிட்டாராம். சுபஹுத் தொழுதுட்டுப் படுத்தவராம், எழும்பல்லையாம். கல்முனைக்குடியில ஏறின ஆக்கள் சொன்னாங்க."

நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். நேரப் புத்தகத்தை எடுத்து, பஸ் இலக்கத்தை எழுதி, வந்த நேரத்தை எழுதி, தாமதம் இல்லை என்றும் எழுதினேன். பேனாவை வைத்த பிறகுதான் "இன்னாலில்லாஹி" என்று வாயில் வந்தது. தங்கராசா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

நினைவுப் பிரசுரம் ஒன்று போடுகிறோம், மர்ஹூம் மீராலெவ்வையைப் பற்றி நீங்கள்தான் எழுதித் தரவேண்டும் என்று தொழிற்சங்கத்து இளைஞர்கள் என்னிடம் கேட்டார்கள். இருபது வருடங்கள் அவரோடு வேலை செய்தவன், கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்பது அவர்களுடைய நியாயம். பழைய ஆட்கள் இரண்டொருவர் அந்த நேரம் கூரையைப் பார்த்தார்கள். இளைஞர்களுக்குத் தெரியாததை நானே சொல்லிவிடுகிறேன். மீராலெவ்வை டிரைவருக்கும் எனக்கும் எட்டு வருடங்களாகப் பேச்சு இல்லை. அவர் போக்குவரத்துச் சபையோடு வழக்காடித் தோற்றவர். அவரைத் தோற்கடித்த சாட்சி நான்.

இதைப் படித்துவிட்டு, ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அவர் சபைக்கு வந்த நாளில் நான் டைம் கந்தோரில் ஏற்கெனவே இரண்டு வருடங்கள் பழையவன். ஆனாலும் வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணன் முறையில் காக்கா என்றேன். அவர் என்னைத் தம்பி என்றார். உயரமான மனிதர். ஸ்டியரிங்கின் பின்னால் முழங்கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் அகட்டி உட்கார்ந்திருப்பார். சிரிப்பது அபூர்வம். பயணிகளோடு சரசம் பேசுவது, தெரிந்த வீட்டு வாசலில் ஹோர்ன் அடிப்பது, ஓடுகிற பஸ்ஸில் பாட்டுப் பாடுவது, ஒன்றும் கிடையாது. உண்மையைச் சொல்வதென்றால், பழகுவதற்குச் சுகமான ஆள் அல்ல. சரியென்று பட்டதை நேரம் காலம் பார்க்காமல் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு அதிலேயே நிற்பார்.

டிப்போவில் பழுதுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. ஓட்டம் முடிந்து வரும் டிரைவர் பஸ்ஸில் என்ன பழுது என்று அதில் எழுதவேண்டும். எழுதினால் பஸ்ஸைக் கராஜுக்குள் விடவேண்டும், விட்டால் அடுத்த நாள் ஓட்டம் தவறும், ஓட்டம் தவறினால் மேலிடத்திலிருந்து மனேஜருக்குக் கடிதம் வரும். அதனால் எல்லோரும் "பழுதில்லை" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மீராலெவ்வைக் காக்கா மட்டும் பிரேக் பிடிக்காவிட்டால் பிரேக் பிடிக்கவில்லை என்றே எழுதுவார். அடுத்த நாளும் அதே பஸ்ஸைக் கொடுத்தால் ஏறமாட்டார்.

ஒருநாள் மனேஜர் எல்லோருக்கும் முன்னால் அவரைக் கேட்டார்: "எல்லாற்ற பஸ்ஸும் நல்லா ஓடுது. உங்கட பஸ்ஸுக்கு மட்டும் நாளுக்கொரு வருத்தம் வருதே. வருத்தம் பஸ்ஸுக்கா, உங்களுக்கா?"

"பஸ்ஸுக்குத்தான் சேர். எனக்கு வருத்தம் வந்தா நான் ஆஸ்பத்திரிக்குப் போவன். அதுக்குப் போக ஏலாதே" என்றார் இவர்.

கராஜில் சிரித்த சிரிப்பு மனேஜரின் அறைவரை கேட்டது. அன்றைக்கே மனேஜர் இவரை மனதில் குறித்துக்கொண்டார். அந்த மனேஜர் எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர், இப்போது ஓய்வு பெற்று எங்கோ இருக்கிறார். அவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுத எவ்வளவோ யோசித்தேன். கிடைக்கவில்லை.

இனி அந்த வழக்கின் கதை. எழுபதுகள் முடிந்து, தனியார் வான்கள் ரோட்டுக்கு வந்து, சபை யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த காலம்.

எங்கள் பக்கத்தில் அடக்கத்துக்குப் போகும் ஜனாஸா எதிர்ப்பட்டால் வாகனம் நிற்கும். நின்றால் மட்டும் போதாது. ஆண்கள் இறங்கிப் போய்ச் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் வாங்கி, சில எட்டுகள் நடந்து, பின்னால் வருபவரிடம் தோளை மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். மௌத்தானவர் யார் என்று கேட்பதில்லை. இரண்டு மூன்று நிமிடங்கள் போகும். பஸ் டிரைவர்களும் இப்படித்தான் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரும் அதை ஒரு விஷயமாக எடுத்ததில்லை.

அது வெள்ளாண்மை வெட்டுக் காலம். அக்கரைப்பற்றிலிருந்து மாலை பஸ்ஸை எடுத்து வந்த காக்கா, அட்டாளைச்சேனையைக் கடந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு ஜனாஸாவைக் கண்டார். ஊர் ஊராக அத்தர் விற்றுத் திரிந்த யாரோ ஒருவர் பள்ளிவாசலில் படுத்திருந்து மௌத்தாகியிருக்கிறார். சொந்த ஊர் எதுவென்று எவருக்கும் தெரியாது. ஆண்களெல்லாம் வயலில். சந்தூக்கைத் தூக்கி வந்தவர்கள் நாலே பேர். பள்ளிவாசல் மோதினார், ஒரு கடைக்காரர், வயதானவர்கள் இருவர். அதில் ஒரு முதியவர் நடக்கமாட்டாமல் மூச்சு இளைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வருவதற்கு ஆளே இல்லை.

காக்கா பஸ்ஸை ஓரங்கட்டி இறங்கினார். கொண்டக்டராக இருந்தவர் இதே தங்கராசா.

"தங்கராசா, சில்லுக்குக் கல்ல வைங்க. இந்தாங்க திறப்பு" என்று சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய், அந்த முதியவரின் மூலையைத் தன் தோளில் வாங்கினார்.

வாங்கியதை மாற்றிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் பெரும்பாலும் சந்தைக்குப் போய்வந்த பெண்கள். முன் ஆசனத்தில் ஒரு கந்தோர் உத்தியோகத்தர் வெள்ளைக் காற்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கவில்லை. காக்கா மையவாடி வரைக்கும் நடந்தார். சந்தூக்கை இறக்கி, மூன்று பிடி மண் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். நாற்பது நிமிடங்கள் போயிருந்தன.

அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் பஸ் என் சன்னலுக்கு வந்தது. அவருடைய சட்டையின் வலது தோள் வியர்வையில் நனைந்திருந்ததைக் கண்டேன்.

"தம்பி, ஒரு ஜனாஸா. தூக்க ஆளில்ல. மையவாடி மட்டும் போய்த்தான் வந்தன். அப்படியே எழுதுங்க" என்றார்.

"சரி காக்கா, நான் பாத்துக்கிறன். நீங்க தொழப் போங்க" என்றேன்.

பழுதுப் புத்தகத்தில் ஒரு எழுத்து விடாமல் படித்துப் பார்த்துக் கையொப்பம் இடுகிற மனிதர், அன்றைக்குத் தொழுகைக்கு ஓடுகிற அவசரத்தில், நான் இன்னும் ஒன்றும் எழுதாத வரியில் கையொப்பத்தை இட்டுவிட்டுப் போனார். தம்பிதானே என்ற நம்பிக்கை.

நேரப் புத்தகத்தில் "தாமதத்துக்குக் காரணம்" என்று ஒரு நிரல் உண்டு. அந்த நிரலில் நாங்கள் எழுதியதெல்லாம் ஒரே சொல்தான். பஞ்சர். மாடு ரோட்டுக்கு ஏறினாலும் பஞ்சர், கொண்டக்டர் தேத்தண்ணி குடிக்கப் போனாலும் பஞ்சர், பாலத்தடியில் வெள்ளம் நின்றாலும் பஞ்சர். பொத்துவிலிலிருந்து இங்கு வரைக்கும் ரோட்டில் ஆணி விதைத்திருக்கிறார்களா என்று மேலிடத்தில் எவரும் கேட்டதில்லை. பஞ்சர் என்றால் கேள்வி இல்லை, விளக்கம் இல்லை. டிப்போவில் இது தெரியாதவர் கிடையாது. மனேஜருக்கும் தெரியும்.

நான் பஞ்சர் என்று எழுதினேன். அவருக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன். ஜனாஸா, நாற்பது நிமிடங்கள் என்று எழுதினால் மனேஜர் சும்மா விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் செய்த முதல் பிழை இது. இதை அவர் மன்னித்திருப்பார்.

வெள்ளைக் காற்சட்டைக்காரர் முறைப்பாடு எழுதினார். பயணிகளை நடுரோட்டில் வெயிலில் வைத்துவிட்டு டிரைவர் மையத்து வீட்டுக்குப் போனார் என்பது முறைப்பாடு. மனேஜர் நேரப் புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தார். அங்கே பஞ்சர் என்று இருந்தது. பக்கத்தில் மீராலெவ்வையின் கையொப்பம். தேடிப் போன மருந்து காலில் மிதிபட்டது போல ஆகிவிட்டது மனேஜருக்கு. பஸ்ஸைவிட்டு இறங்கியதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்தான் கொடுக்கமுடியும். பொய்ப் பதிவு செய்வித்தால் வேலையையே பறிக்கலாம்.

என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவரை அவர் அறையில் நான் உட்கார்ந்தது கிடையாது.

"பஞ்சர் எண்டு நீங்களா எழுதினீங்க, இல்லாட்டி அவர் சொல்லி எழுதினீங்களா? நீங்களா எழுதினா பொய் எழுதினது நீங்க. யோசிச்சுச் சொல்லுங்க. அஞ்சு பிள்ளையள் எண்டு கேள்விப்பட்டன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தாயும் பிள்ளையும் எண்டாலும் வாயும் வயிறும் வேற" என்றார்.

தட்டச்சில் அடித்த ஒரு தாள் மேசையில் ஆயத்தமாக இருந்தது. டிரைவர் பஞ்சர் என்று கூறியதன்பேரில் நான் அவ்வாறு பதிந்தேன் என்று அதில் இருந்தது. நான் கையொப்பம் இட்டேன். பயந்தேன். அதற்கு வேறு சொல் இல்லை, தேடவும் மாட்டேன்.

காக்காவை முதலில் இடைநிறுத்தினார்கள். பிறகு ஒரு விசாரணை நடத்தி, வேலைநீக்கம் செய்தார்கள். சங்கம் அவருக்காகத் தொழில் நியாய மன்றுக்குப் போனது. மட்டக்களப்பில் வழக்கு விளக்கம். தவணைக்கு மேல் தவணை. சங்கத்தின் சட்டத்தரணி என்னிடமே ஒருநாள் சொன்னார்: ஜனாஸா தூக்கியதற்காக எந்த மன்றும் ஒருவனை வீட்டுக்கு அனுப்பாது, அந்த ஒரு சொல்தான் இடைஞ்சல், டைம்கீப்பர் வந்து உள்ளதைச் சொன்னால் அடுத்த வாரமே மீராலெவ்வை பஸ்ஸில் ஏறுவார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் காக்கா அன்று மட்டக்களப்புக்கு வந்தார்.

எங்களுக்கு வேறு வழி இல்லை, எல்லோரும் ஒரே பஸ்ஸில் போனோம். சபையின் சாட்சி நான், அவருடைய சாட்சி தங்கராசா, வழக்காளி அவர். அந்த பஸ்ஸின் கொண்டக்டர் காக்காவிடம் டிக்கெட்டுக்குக் கை நீட்டவில்லை. இவர் விடவில்லை. "பாஸ் உள்ள ஆளுக்குத்தான் சும்மா. நான் சபையோட வழக்குப் பேசுற ஆள். டிக்கெட்ட வெட்டுங்க" என்று சத்தம் போட்டு வாங்கினார்.

கல்லடிப் பாலத்துக்குக் கிட்டப் போகும்போது மடியிலிருந்த பொட்டலத்தைத் திறந்தார். அவருடைய மனைவி கட்டிக் கொடுத்த ரொட்டியும் சம்பலும். பாதியைத் தங்கராசாவுக்குக் கொடுத்தார். பிறகு பின்னால் திரும்பி எனக்கும் ஒரு துண்டை நீட்டினார்.

"தின்னுங்க தம்பி. வெறும் வயித்தோட நிண்டு கதைக்க ஏலா."

தின்றேன்.

மன்றில் சபையின் சட்டத்தரணி அவரைத்தான் முதலில் கேட்டார். சில எட்டுகள் நடந்துவிட்டுத் திரும்பியிருக்கலாமே, மையவாடி வரைக்கும் ஏன் போனீர்கள் என்றார்.

"தோள மாத்த ஆளில்ல ஐயா. குடுத்த தோள எங்க கொண்டு எடுக்கிற? மையத்த நடுரோட்டில இறக்கி வெச்சிட்டு, எனக்கு நேரமாகுது எண்டு செல்லிட்டு வரவா?"

மன்றின் தலைவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். வழக்கு வென்றுவிட்டதென்று அந்த இடத்தில் எல்லோரும் நினைத்தோம். நானும் நினைத்தேன். தங்கராசா சாட்சிக் கூண்டில் ஏறி, சில்லில் காற்றுப் போகவில்லை, பஞ்சர் என்று டிரைவர் சொல்லித் தன் காதில் விழவும் இல்லை என்றார். சன்னலுக்கு நீங்களும் போனீர்களா என்று கேட்டார்கள். இல்லை, நான் சாமான் இறக்கிக்கொண்டிருந்தேன் என்று உள்ளதைச் சொன்னார். பிறகு என்னை ஏற்றினார்கள். முன் வரிசையில் மனேஜர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பஞ்சர் என்ற சொல்லை யார் சொல்லி எழுதினீர்கள்?"

"டிரைவர் சொல்லி."

இரண்டே இரண்டு சொற்கள். வாயில் ரொட்டியின் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருந்தது.

திரும்பும் பயணத்திலும் அதே ரோட்டு, அதே மூன்று பேர். அவர் முன் ஆசனத்தில் அசையாமல் இருந்தார். எங்கள் நகரத்தில் நான் இறங்க எழுந்தபோது அவர் வாசல் பக்கமாகத் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்: "டைம்கீப்பர், நான் ஒங்களுக்குப் பஞ்சர் எண்டு சென்னனா?"

அதுவரை நான் அவருக்குத் தம்பி. நான் இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து அவர் வாயில் எனக்குத் தம்பி என்ற பெயர் வரவில்லை.

தீர்ப்பு சில மாதங்கள் கழித்து வந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கியதை மன்னிக்கலாம், பதிவேட்டில் பொய் எழுதுவித்த ஊழியரை மீண்டும் வேலைக்கு எடுக்கும்படி தொழில்தருநரைக் கட்டாயப்படுத்த முடியாது. சாரம் அவ்வளவுதான். கேட்ட சாட்சியத்தை வைத்து மன்று வேறு எதைச் சொல்லும்? வேலை போனதைவிட அந்தப் பெயர்தான் அவரைச் சுட்டது. பழுதுப் புத்தகத்தில் உண்மை எழுதி உண்மை எழுதியே பகை தேடிய மனிதர், கடைசியில் பொய் எழுதுவித்தவர் என்ற பெயரோடு வெளியே போனார். தங்கராசாவைத் தூரத்து டிப்போ ஒன்றுக்குத் தூக்கிப் போட்டார்கள். இரண்டு வருடங்கள் குடும்பத்தை விட்டிருந்தார். டிப்போச் சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள், எக்காரணம் கொண்டும் டிரைவர் ஆசனத்தை விட்டு இறங்கக்கூடாது என்று. அதன் பிறகு எங்கள் டிரைவர்கள் ஜனாஸாவைக் கண்டால் நிறுத்திவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இருந்த இடத்திலேயே இருப்பார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பொய் சொன்னவனுக்கு மின்விசிறி வந்தது, டைம் கந்தோருக்குப் புதிதாக ஒன்று போட்டுத் தந்தார்கள்.

காக்கா ஒரு அரிசி ஆலைக்கு டிராக்டர் ஓட்டினார். நெல் மூட்டைகளோடு டைம் கந்தோரைக் கடந்து போவார். தேத்தண்ணிக் கடையில் நான் இருப்பது தெரிந்தே, "அந்த ஆள் மணிக்கூட்டுக்கும் பொய் பழக்கிற ஆள்" என்று உரத்துச் சொல்வார். நான் சலாம் சொன்னால் மட்டும் பதில் தருவார். "வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு" என்று ஒரு எழுத்துக் குறையாமல் முழுவதும் சொல்வார். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்திருப்பார். ஒருவர் இதைப் பற்றி அவரிடம் கேட்டதற்கு, "சலாத்துக்குப் பதில் செல்றது கடம. மூஞ்சப் பாக்கிறது கடம இல்ல" என்றாராம்.

எனக்கும் கோபம்தான். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா, ஊரில் பொய் சொல்லாதவன் எவன், ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று வீட்டில் கத்தியிருக்கிறேன். பிழை செய்தவனுக்கு வருகிற கோபத்துக்கு அளவே கிடையாது.

என் வாப்பா மௌத்தான அன்று, ஜனாஸா ரோட்டுக்கு ஏறியபோது எதிரே அவருடைய டிராக்டர் வந்தது. நிறுத்தினார். இறங்கினார். முன்பக்கம் நான் சுமந்த மூலைக்கு அடுத்த மூலையைத் தன் தோளில் வாங்கினார். மாற்றிக் கொடுக்க எத்தனையோ பேர் பின்னால் வந்தார்கள். அவர் கொடுக்கவில்லை. மையவாடி வரைக்கும் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். மூன்று பிடி மண் போட்டார், கையைத் தட்டினார், என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். வாப்பாவுக்காக அழுததைவிட அன்றைக்கு நான் அதற்காக அழுதது அதிகம்.

அடுத்த வாரம் தங்கராசாவைத் தூது அனுப்பினேன். மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வரவா என்று. தங்கராசா கொண்டு வந்த பதில் இது: "வாயால கேக்கிற மன்னிப்பு எனக்குத் தேவல்ல. எழுதின கை எழுதட்டும்."

சபைக்கு உண்மையை எழுதிக் கொடு என்று அர்த்தம். எழுதினால் மன்றில் பொய் சொன்னவன் என்று என் வேலை போகும். இன்னும் கொஞ்ச வருடங்கள்தானே, ஓய்வு பெற்ற பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். அவர் மௌத்தாவார் என்று நினைக்கவே இல்லை. அவ்வளவு உயரமான மனிதர்.

செய்தி வந்த அன்று அவருடைய வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி, கணவனை இழந்தவர் திரைக்குள் இருக்கும் இத்தாவுக்கு இருந்துவிட்டதால் கதவுத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார்.

"டைம்கீப்பரா வந்திரிக்கிற? ஒங்கள மன்னிச்சாரு எண்டு நான் பொய் செல்ல மாட்டன். அவரு மன்னிக்கல்ல. ஆனா ஜனாஸாவுக்கு வராம இரிக்காதீங்க. ஒங்கட வாப்பாக்கு அவரு வந்தவரு."

பிற்பகல் அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகை. தொழுகைக்கு முன் அவருடைய மூத்த மகன் எழுந்து, வழக்கப்படி, "வாப்பா உங்கள்ல யாருக்கும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சுக்குங்க" என்று கேட்டார். பள்ளிவாசல் முழுவதும் "மன்னிச்சிட்டம்" என்றது. மௌத்தானவருக்குப் பிழை செய்தவன் எழுந்து கேட்பதற்கு அங்கே வழக்கம் ஒன்றும் இல்லை. நான் தூண் ஓரத்தில் நின்றேன். கடமையில் இருந்த நேரம் அது. டைம் கந்தோரின் சன்னலைச் சாத்திப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

இந்த ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்குக் கிடைத்ததே ஏழெட்டு எட்டுகள்தான். ரோட்டுக்கு ஏறியபோது சபையின் பஸ் எதிரே வந்து நின்றது. டிரைவர் இளம் பொடியன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆசனத்திலேயே இருந்தான். கதவுப் பக்கம் தங்கராசா நின்றார். நான் வரிசையை விட்டு விலகிப் போய் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"இறங்குங்க தம்பி."

"டைம்கீப்பர், சுவர்ல ஒட்டிக் கிடக்கிறது தெரியாதா? இறங்கினா என்ட வேல போயிரும்."

"போகாது. இறங்கச் சென்னது நான் எண்டு எழுதுறன்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "ஏன், வழமபோல பஞ்சர் எண்டு எழுதுங்களன்."

"அது எழுதி முடிஞ்சிட்டு. இறங்குங்க."

தங்கராசா குனிந்து சில்லுக்குக் கல்லை வைத்தார். பிறகு நிமிர்ந்து திறப்புக்காகக் கையை நீட்டினார். பொடியன் அதை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினான்.

மண் போட்டுவிட்டு வந்து டைம் கந்தோரைத் திறந்தேன். நேரப் புத்தகத்தில் பஸ் இலக்கம் எழுதினேன். தாமதம், இருபது நிமிடங்கள். தாமதத்துக்குக் காரணம் என்ற நிரலில், "ஜனாஸா. மர்ஹூம் மீராலெவ்வை, சபையின் முன்னாள் டிரைவர். பஸ்ஸை நிறுத்தி டிரைவரை இறக்கியவன் டைம்கீப்பர்" என்று எழுதிக் கையொப்பம் இட்டேன். அந்த நிரல் போதாமல் அடுத்த நிரலுக்குள்ளும் எழுத்து ஓடியது.

ஏழு நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும் என்று சபையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இது ஆறாம் நாள். சங்கத்துக்கு எழுதும் இந்தக் கட்டுரையின் பிரதி ஒன்றையே விளக்கமாகச் சபைக்கும் அனுப்புகிறேன். சபை வேண்டுமானால் மேலே உள்ளதையெல்லாம் படிக்காமல் விடலாம். அவர்களுக்கு வேண்டியது இந்த ஒரு வரிதான்: மீராலெவ்வை டிரைவர் என்னிடம் ஜனாஸா என்றுதான் சொன்னார். பஞ்சர் என்று எழுதியது நான். அவர் சொல்லி எழுதினேன் என்று மன்றில் சொன்னதும் நான், அது பொய்.

எழுதின கை எழுதிவிட்டது காக்கா. வாசிப்பதற்கு நீங்கள் இல்லை. நேரத்தைக் குறிப்பதையே தொழிலாகக் கொண்டவன் எட்டு வருடங்கள் தாமதமாக வந்திருக்கிறேன். அதற்குக் காரணத்தை எந்த நிரலில் எழுதவும் எனக்கு முகமில்லை.

அஸ்ஸலாமு அலைக்கும், காக்கா. பதில் சொல்வது இனி உங்களுக்குக் கடமையில்லை.